நா. வயிரவன் ஒருவரே

அன்று மாலை எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், நா. வயிரவன். என் மகன் வ. நாச்சியப்பன், அரசாங்கத்தின் வரிசைத் தாளைச் சோதித்து வெளியிடும் கம்பெனியில் சோதனைப் பிரிவின் தலைவன். அவன் மனைவி அழகம்மை. அவன் பிரிவில் வேலை பார்க்கும் எஸ்தர், நாசரேத்துப் பெண். எதிர் ஃப்ளாட் சோலையப்பன், என் நண்பன், சாட்சிக்காக வந்தவன். என் பேரனை நீச்சல் வகுப்புக்கு அனுப்பியிருந்தார்கள். அவன் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் கூட்டம் வைத்தார்கள் என்பது எனக்குப் பிறகு விளங்கியது. அவன் பெயரும் நா. வயிரவன்.

எங்கள் குடும்பத்தில் ஆண்களுக்கு இரண்டே பெயர்கள். வயிரவன் மகன் நாச்சியப்பன், நாச்சியப்பன் மகன் வயிரவன். தாத்தா பெயர் பேரனுக்கு. இது மாறியதில்லை. எங்கள் பெயரைச் சொல்லி ஒருவர் ஒரு காரியத்துக்கு வாக்குக் கொடுத்தால், அது எந்த வயிரவன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியம் வந்ததில்லை.

குப்பைமேடுகள் எரிந்த அந்த இரண்டு கோடைகளுக்குப் பிறகு, இந்த நகரத்தில் மூச்சு விடுவதே ஒரு வேலையாகிவிட்டது. கெட்டுப்போன நுரையீரலுக்குப் பதிலாக, அவரவர் உடம்பிலிருந்து எடுத்த செல்லைத் தொட்டியில் வளர்த்து மார்பில் வைக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் அதற்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. ஜனங்கள் 'முளை' என்கிறார்கள். லிஃப்டில் இப்போது குசலம் விசாரிப்பதே "முளை வந்துருச்சா?" என்றுதான்.

வளர்க்கும் தொட்டிகள் குறைவு, கேட்பவர்கள் அதிகம். யாருக்கு முதலில் என்று மனிதர்கள் முடிவு செய்தால் லஞ்சம் என்று பேச்சு வரும். அதனால் அந்த வேலையை ஒரு விரிதாளிடம் ஒப்படைத்தார்கள். தாள் என்று பெயர்தான். ஒன்றோடொன்று கோத்த பல நூறு தாள்கள்; நோயுள்ளவர், இல்லாதவர், இறந்தவர் எல்லோர் பெயரும் அவற்றில் உண்டு. ஒரு கட்டத்தில் ஓர் எண் மாறினால், எங்கோ ஒருவர் வரிசையில் மேலே ஏறுவார், வேறெங்கோ ஒருவர் இறங்குவார். பழைய வரிசையை மூடிவிட்டார்கள். புதிய தாள் வெளியாக இரண்டு வாரம் இருந்தது. அதில் பிழை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் மகனுக்கு வேலை. அதைப் பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அழகம்மை டீ கொடுத்தாள். எனக்கு மட்டும் தனித் தட்டில் முறுக்கு வைத்தாள். ஏதோ கேட்கப்போகிறார்கள் என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

"அப்பச்சி, ஒரு சின்ன விஷயம்," என்றான் நாச்சியப்பன். "நீங்க ஒரு வரி சொல்லணும். எஸ்தர் பதிவு பண்ணிக்கிடுவாங்க. சோலையப்பன் சித்தப்பா சாட்சி. அவ்வளவுதான்."

"என்ன வரி?"

"இந்த வீட்டில் நா. வயிரவன் ஒருவரே. இதுதான்."

விளையாடுகிறான் என்று நினைத்தேன். சோலையப்பன் சிரித்தான். "அதுல என்ன பொய் இருக்கு? உன்னை மாதிரி இன்னொருத்தன் இருந்தா இந்தக் கட்டடம் தாங்குமா?"

வேறு யாரும் சிரிக்கவில்லை. எஸ்தர் மடியிலிருந்த கணினியை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள்.

"நீ சொல்லும்மா," என்றேன் அவளிடம். "இவன் சுத்தி வளைப்பான்."

"ஐயா, சோதனைக்கு நெசமான ஜனங்க விவரத்தைத் தர மாட்டாங்க. அதனால எங்க பிரிவுல ஒரு பழக்கம். ஒவ்வொருத்தரும் சொந்த வீட்டு ஆளுங்களைத் தாள்ல போட்டு ஓட்டிப் பாப்போம். எங்கம்மையை நான் எத்தனை வாட்டி சாவடிச்சிருக்கேன்னு எனக்கே தெரியாது. சாவுத் தேதி போட்டா வரிசையிலேருந்து பேரு போகுதான்னு பாக்கணும்லா? ராத்திரி வீட்டுக்குப் போனா, 'இன்னைக்கு எனக்கு என்ன வியாதி கொடுத்தே?'ன்னுதான் கேப்பா." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "சார் உங்க வீட்டைக் கொடுத்தாங்க. ஓட்டிப் பாத்தா, உங்க வீட்டுல ஒரு ஆள் குறையுது."

"குறையுதுன்னா?"

"ஒரே பேரு, ஒரே இனிஷியல், ஒரே வீடு. இந்த மூணும் சேந்தா ஒரே ஆளு ரெண்டு தரம் பதிஞ்சிருக்காருன்னு தாள் எடுத்துக்கிடும். ரெண்டையும் ஒண்ணாக்கிரும்."

"அடையாள எண்ணு ஒண்ணு இருக்கே, அது எதுக்கு?"

"கள்ள எண்ணு வச்சு ரெண்டு முளை வாங்கினவங்களைப் பிடிக்கத்தானே ஐயா இந்தச் சூத்திரத்தையே போட்டாங்க. எண்ணை நம்பாதேன்னு உத்தரவு."

"வயசு? எனக்கும் அவனுக்கும் வயசு ஒண்ணா?"

"வயசு ஒத்துப்போகலைன்னா குறைஞ்ச வயசை எடுத்துக்கிடும். வியாதி ஒத்துப்போகலைன்னா கூடின வியாதியை எடுத்துக்கிடும். சந்தேகம் வந்தா நோயாளிக்குச் சாதகமா இருக்கணும்னு நல்ல மனசோட எழுதினதுதான். அதனால தாள்ல இப்ப நா. வயிரவன் ஒருத்தர்தான். எட்டு வயசு. எண்பது வயசு நுரையீரல்."

"அப்படி ஒரு ஆளைப் பாத்தா தாள் என்ன செய்யும்னு நெனைக்கிறீங்க?" என்றான் நாச்சியப்பன். "போன வாரம் ஒரே ஒரு தரம் நெசப் பட்டியலைக் கொடுத்து ஒத்திகை பாக்கச் சொன்னாங்க. மாநிலத்துலயே முதல் பத்துக்குள்ள இருக்கீங்க அப்பச்சி! செல் எடுத்தது உங்ககிட்டதானே. முளை உங்களுக்குத்தான் வளரும்."

அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. பத்தாம் வகுப்பில் மாவட்டத்தில் முதலாவதாக வந்து மதிப்பெண் தாளை நீட்டியபோது பார்த்த அதே வெளிச்சம். அதைப் பார்த்ததும் முறுக்குத் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"நான் தனியா நின்னா?"

"உங்க வயசுக்கு வரிசையே கிடையாது," என்றான். குரல் இறங்கிவிட்டது. "டாக்டர் உங்ககிட்ட சொன்னதை எங்ககிட்டயும் சொன்னாரு. அடுத்த வெயிலைத் தாண்டமாட்டீங்க."

"என் பேரன்?"

நாச்சியப்பன் மனைவியைப் பார்த்தான். எஸ்தர்தான் பதில் சொன்னாள். "தாள்ல அவன் இல்லை ஐயா."

"பிழைன்னு தெரிஞ்சா திருத்த வேண்டியதுதானே? அதுக்குத்தானே உங்களுக்குச் சம்பளம்?"

"பிழைன்னு நான் பதிஞ்சிட்டேன். அதை மூட ரெண்டு வழி. சூத்திரத்தைத் திருத்தணும். இல்லைன்னா, சூத்திரம் சரி, நாங்க போட்ட விவரம்தான் தப்பு, ஒரே ஆளை ரெண்டு தரம் டைப் அடிச்சிட்டோம்னு முடிக்கணும். அப்படி முடிக்கணும்னா விவரத்துக்குச் சொந்தக்காரரு சாட்சி வச்சுச் சொல்லணும். அதுக்குத்தான் வந்திருக்கோம்."

ஆக, என் பேரன் டைப் அடித்ததில் வந்த தவறு. அதை என் வாயால் நான் சொல்ல வேண்டும். சொன்னால் எனக்கு மூச்சு.

"குட்டிக்கு இப்ப ஒண்ணும் இல்ல மாமா," என்றாள் அழகம்மை. "நல்லா ஓடி ஆடிக்கிட்டுதான் இருக்கான். உங்களுக்கு முளை வச்சு முடிஞ்சதும் அவன் பேரைக் கெஜட்ல மாத்திக்கிடலாம். மாத்திட்டா அவனுக்குத் தனி வரி வந்துரும். இப்போதைக்கு நா. வயிரவன் ஒருத்தர்னு நீங்க…"

சொல்லிவிட்டு அவளே நின்றுவிட்டாள்.

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அழகம்மை என் பெயரை உச்சரித்ததில்லை. நான் கேட்டுக்கொண்டதல்ல; அவள் தாய் வீட்டில் பழகி வந்தது. அதற்காகவே பெற்ற பிள்ளையைக்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் 'குட்டி' என்பாள். ஆஸ்பத்திரியில் பிள்ளை பெயர் என்னவென்று கேட்டபோது எழுதிக் காட்டியவள். அந்தப் பெயரை முதல்முறையாக அன்று வாய்விட்டுச் சொன்னாள். பிள்ளையை இல்லையென்று ஆக்குவதற்காகச் சொன்னாள்.

"பேரன் சாப்பிடுற இலையில கையை விட்டு எடுத்துத் தின்னச் சொல்றீங்க," என்றேன். "அதுவும் அவன் பாக்காத நேரமாப் பாத்து."

"அவன்கிட்டயிருந்து எதையும் எடுக்கலை அப்பச்சி. கணக்குல மட்டும்தான்."

"கணக்குல அவன் இல்லைன்னா எங்கே இருப்பான்? நாளைக்கு அவனுக்கு இருமல் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனா என்ன சொல்லுவாங்க? உனக்கு முளை வச்சாச்சு தம்பி, வீட்டுக்குப் போன்னுதானே?"

"அதுக்குள்ள பேரை…"

"பேரை மாத்துறதைப் பத்தி என் முன்னாடி பேசாதே."

மூச்சு வாங்கியது. மூலையிலிருந்த ஆக்சிஜன் இயந்திரத்தின் குழாயை அழகம்மை எடுத்துக்கொண்டு வந்தாள். வேண்டாமென்று கையைக் காட்டினேன். அந்த நிமிஷத்தில் அவள் கையிலிருந்து எதையும் வாங்கப் பிடிக்கவில்லை.

"நம்மளை மாதிரி பேரு வைக்கிற வீடு எத்தனை இருக்கும்?" என்று நாச்சியப்பனைக் கேட்டேன்.

"கொஞ்சம்தான். விளிம்புல நிக்கிறவங்கன்னு எங்க வேலையில சொல்லுவோம். ஒரு சதவீதம்கூட வராது. எந்தத் தாளும் எல்லாருக்கும் சரியா இருக்காது அப்பச்சி. வெளியிட்ட பிறகு, அடுத்த பதிப்புல திருத்திக்கிடலாம்."

"தாத்தா செத்துப்போயிருந்தா?" என்றேன். "நான் செத்திருந்து, அவன் மட்டும் இருந்தா?"

எஸ்தர் முந்திக்கொண்டாள். "ரெண்டுல ஒண்ணுல சாவுத் தேதி இருந்தாப் போதும் ஐயா. சேந்த ஆளு செத்ததா ஆயிரும். செத்தவங்க பேருல முளை வாங்கினதும் நடந்திருக்கு. அதனால அந்தக் கட்டத்தை மட்டும் ரொம்பக் கறாரா எழுதியிருக்காங்க."

நான் சோலையப்பன் பக்கம் திரும்பினேன்.

சோலையப்பன் வீட்டில் ஒரு பேத்தி உண்டு. உமையாள். இறந்துபோன அவன் மனைவியின் பெயர். தாயும் தகப்பனும் ஒரே விபத்தில் போன பிறகு பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, தன் பெயரையே இனிஷியலாகப் போட்டுவிட்டான். மனைவி சோ. உமையாள்; இருமி இருமித்தான் போனாள். பேத்தி சோ. உமையாள், ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தாள். ஒரே பெயர், ஒரே இனிஷியல், ஒரே வீடு.

இவன் எழுந்து என் மகன் சட்டையைப் பிடிக்கப்போகிறான் என்று எதிர்பார்த்தேன். பிடித்தால் நான் தடுத்திருக்க மாட்டேன். அவன் டீயில் பிஸ்கட்டை முக்கிக்கொண்டிருந்தான்.

"சோலை. கேட்டியா?"

"கேட்டேன்."

"உன் வீட்டுப் பிள்ளையைச் செத்ததா வச்சிருக்கு அந்தத் தாள்."

"வச்சிருந்துச்சு," என்றான். பிஸ்கட் உடைந்து டம்ளருக்குள் விழுந்தது. அதையே பார்த்துக்கொண்டு பேசினான். "நாச்சி வந்து சொல்லிட்டான். அவ கட்டத்துல இருந்த சூத்திரத்தை அழிச்சிட்டு, கையாலயே எண்ணைப் போட்டுட்டான். வெளியீட்டுல அவ பேரு இருக்கு. தொட்டிகூட ஒதுக்கியாச்சு."

"சார்!" என்று எஸ்தர் எழுந்துவிட்டாள். "வெளியாகப் போற தாள்லயா கை வச்சீங்க? சூத்திரம் இருக்க வேண்டிய கட்டத்துலயா? எங்ககிட்ட அப்படிச் செஞ்சா வேலையை விட்டே அனுப்புவேன்னு நீங்கதானே சார் சொல்லுவீங்க?"

"உக்காருங்க எஸ்தர்."

"எத்தனை கட்டத்துல?"

"ஒண்ணுலதான். பக்கத்து வீட்டுப் பிள்ளை. கண்ணு முன்னாடி கிடக்குது. வேற என்ன செய்யச் சொல்றீங்க?"

"மத்த வீட்டுப் பிள்ளைங்க உங்க கண்ணு முன்னாடி கிடக்கல. அதானே சார்?"

நான் சோலையப்பனைக் கேட்டேன். "அதுக்குத்தான் சாட்சிக்கு வந்தியா?"

"அதுக்குத்தான் வந்தேன். என் இடத்துல இருந்தா நீ வரமாட்டியா?"

என் கூடத்தில், என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, என் சிநேகிதன் விலை வாங்கிக்கொண்ட சாட்சியாக இருந்தான். விலை கொடுத்தவன் என் மகன்.

நாச்சியப்பன் இப்போது மகனாகப் பேசவில்லை. அலுவலகத்தில் பேசுகிறவனாகப் பேசினான். "அப்பச்சி, எனக்கும் மனசாட்சி இருக்கு. கேளுங்க. ரெண்டு பேருன்னு நீங்க சொல்லிட்டா பிழை நிக்கும். தாள் திரும்பிப் போகும். அந்தச் சூத்திரத்து மேலதான் மத்த எல்லாம் நிக்குது. அதைத் தொட்டா ஒவ்வொரு தாளையும் முதல்லேருந்து சோதிக்கணும். மாசக்கணக்கா ஆகும். பழைய வரிசையை மூடியாச்சு. அதுவரைக்கும் மாநிலத்துல ஒருத்தருக்கும் முளை கிடையாது. நான் கையால போட்ட எண்ணும் போயிரும். உமையாளுக்கு ஒதுக்கின தொட்டி சும்மா கிடக்கும். ஒரு வரி சொன்னீங்கன்னா, நீங்களும் பிழைச்சுக்கிடுவீங்க, அவளும் பிழைச்சுக்கிடுவா."

சோலையப்பன் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தான். என் வயதுக்காரன். முழங்கால் மடங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"வயிரவா. ஒரே ஒரு பொய்டா. கேட்டா உன் பேரன் கோவிச்சுக்கவா போறான்? அவ ராத்திரி முழுக்க மூச்சை எண்ணிக்கிட்டுக் கிடக்குறா. எண்ணி முடிச்சாக் காலையில ஆயிரும்னு நெனைக்கிறா."

என் காலைத் தொடக் கையை நீட்டினான். நான் காலை இழுத்துக்கொண்டேன். பேத்திக்காக அவன் தரையில் உட்கார்ந்தது எனக்குக் கேவலமாகப் படவில்லை. அவனை அங்கே உட்கார வைத்தவர்கள், அவன் கை நீளும்போது என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அதுதான் கேவலமாகப் பட்டது.

உமையாள் எனக்குத் தெரியாத பிள்ளை இல்லை. இந்தக் கட்டடத்தில் என்னை 'வயிரவன் ஐயா' என்று முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே பிள்ளை அவள்தான். அழகம்மை காதைப் பொத்திக்கொள்வாள். எனக்கு அது பிடித்திருந்தது.

பெயர் தெரியாத வீடுகளில் எத்தனை பிள்ளைகள் செத்தவர்களாகப் படுத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்காகக் கையால் எண் போடப் பக்கத்து வீட்டில் ஒரு நாச்சியப்பன் இல்லை.

"எஸ்தர், திறந்து வச்சுக்கம்மா," என்றேன். "நான் சொல்றதை அப்படியே எழுது."

அவள் கணினியைத் திறந்தாள்.

"இந்த வீட்டில் நா. வயிரவன் இருவர். மூத்தவன் நான். இளையவன் நீச்சலுக்குப் போயிருக்கிறான்."

அவள் அடித்து முடித்தாள். பிறகு சோலையப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டே எழுந்தான். நாச்சியப்பன் தூக்கிவிடப் போனான். சோலையப்பன் அவன் கையைத் தட்டிவிட்டான். வாசல்வரை போய்த் திரும்பினான்.

"உன் பேருக்காகச் செஞ்சுட்டே."

"ஆமா," என்றேன்.

அதற்குப் பிறகு சோலையப்பன் என்னோடு பேசவில்லை.

பேரன் ஈரத் தலையோடு வந்தான். ஐயா ஏன் முறுக்குச் சாப்பிடவில்லை என்று கேட்டு, தட்டை எடுத்துக்கொண்டான். "குட்டி, முதல்ல தலையைத் துவட்டு," என்றாள் அழகம்மை உள்ளேயிருந்து. மறுபடி குட்டியாகிவிட்டான்.

தாள் திரும்பிப் போனது. எஸ்தரும் அவள் கூட்டாளிகளும் அந்தச் சூத்திரத்தைப் பிரித்தெடுத்து எழுதினார்கள். சோதித்து முடித்து வெளியிட மாசி ஆகிவிட்டது. வெளியான அன்று எஸ்தர் என்னைக் கூப்பிட்டாள். செத்தவர்கள் என்று குறித்திருந்த பிள்ளைகள் வரிசைக்குத் திரும்பிவிட்டார்கள் என்றாள்.

"எத்தனை பேரு?"

"கேக்காதீங்க ஐயா. நான் இன்னும் சாப்பிடலை."

என் மகனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அவ்வளவு பெரிய பிழையை வெளியீட்டுக்கு முன்பே கண்டுபிடித்த பிரிவின் தலைவன் அல்லவா? சொந்தக் குடும்பத்தையே சோதனைக்குக் கொடுத்தவன் என்று மேடையில் பேசிச் சால்வை போர்த்தினார்கள். கையால் எண் போட்ட அந்த ஒரு கட்டத்தைப் பற்றி மேடையில் ஒருவரும் பேசவில்லை. எஸ்தர் அதைப் புகாராக எழுதிக்கொடுத்தாளாம்; அது எங்கே போனது என்று அவளுக்கும் தெரியவில்லை. நான் விழாவுக்குப் போகவில்லை. அந்தச் சால்வையை என் அலமாரியில் வைக்க வந்தான். வேறு இடம் பார்க்கச் சொன்னேன்.

நான் வெயிலைத் தாண்டுவேனா என்பது என் விஷயம். இதை நான் எழுதுவதற்குக் காரணம் வேறு.

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செய்தி மடலில் ஒரு பத்தி வந்திருக்கிறது. பெரியவர் வயிரவன் தன் முறையைச் சோலையப்பன் பேத்திக்கு விட்டுக்கொடுத்தார் என்றும், அவள் குணமாகி, நல்ல காற்றுக்காகக் கொடைக்கானலில் தங்கியிருக்கிறாள் என்றும், எங்கள் குடும்பத்தின் பெருமைக்கு இது ஒன்றே போதும் என்றும் எழுதியிருக்கிறார்கள். லிஃப்டில் பார்க்கிறவர்கள் என்னைக் கும்பிடுகிறார்கள். நாச்சியப்பன் அந்தப் பத்தியைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்கிறான்.

அது உண்மையில்லை. நான் யாருக்கும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு முறையே இருந்ததில்லை. இருந்திருந்தாலும், ஒருவர் முறையை இன்னொருவருக்குக் கொடுக்க அந்தத் தாளில் கட்டம் கிடையாது. உமையாள் கொடைக்கானலில் இல்லை. மார்கழியில் இறந்துவிட்டாள். திருத்திய தாளில் சோ. உமையாள் இப்போது இரண்டு வரிகளில் இருக்கிறாள், பாட்டிக்கு ஒன்று, பேத்திக்கு ஒன்று. இரண்டிலும் தேதி இருக்கிறது.